பில்பாவோ ஆள் கொடுக்காது

ஸ்பெயின் கால்பந்து என்றாலே எனக்கு வாய் கசக்கும். இப்போது டீக்கடையில்கூட பெரிய டிவி இருக்கிறது. பார்சிலோனா சட்டையும் மாட்ரிட் சட்டையும் போட்டுக்கொண்டு பையன்கள் கத்துகிறார்கள். கத்தட்டும். நான் அங்கே நிற்பதில்லை. ஒரு காலத்தில் அந்த லீக்கின் புள்ளிப் பட்டியல் மேலிருந்து கீழே வரை எனக்கு மனப்பாடம். எல்லாரும் மேலே பார்ப்பார்கள். நான் கீழே பார்ப்பேன், கீழே விழப் போகிறவன் யார் என்று.

எங்கள் குப்பம் முத்தியால்பேட்டையை ஒட்டிக் கடல் பக்கம் இருக்கிறது. ரோட்டைத் தாண்டினால் ஊர்க்காரர்கள் தெரு. அந்தத் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊருக்கு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். நேரில் பேசினால் முசியே. அவர் வீட்டு மாடியில் பெரிய குடை ஆண்டெனா. ஸ்பெயின் முதல் டிவிஷன் ஆட்டத்தை அவர் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்து திங்கட்கிழமை சாயங்காலம் போடுவார். அதுவரை யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னவனுக்கு ஒரு மாதம் ஆட்டம் பார்க்க இடம் கிடையாது.

அவர் தெருப் பையன்கள் கூடத்தில் மொசைக் தரையில் உட்காருவார்கள். நாங்கள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உள்ளே வராதே என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் போனதில்லை. இதை இப்படியே எழுதி வைக்கிறேன். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சொல்தாவுக்கு மாட்ரிட் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில்தான் எங்கள் பக்கத்துத் தெருக்களைச் சேர்த்து ஒரு லீக் ஆரம்பித்தார். முதல் டிவிஷனில் எட்டு டீம். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ஸ்பெயின் டீம் பேர். ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு முறை ஆட வேண்டும். கடைசி இரண்டு டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அப்படியே ஸ்பெயின் மாதிரி என்று சொல்லிக்கொள்வார். முதல் டிவிஷன் பள்ளிக்கூட மைதானத்தில், இரும்பு கோல்போஸ்டில். இரண்டாம் டிவிஷன் கடற்கரை மணலில், இரண்டு கழியை நட்டு. பந்து, விசில், சுண்ணாம்புக் கோடு எல்லாம் அவர் செலவு. கோல் வலையை மட்டும் நாங்கள் பின்னிக் கொடுத்தோம். அதை விட நல்ல கோல் வலை புதுச்சேரியில் எந்த மைதானத்திலும் இருந்திருக்காது.

பேர் பிரித்த அன்று மாட்ரிட் அவர் தெருவுக்குப் போனது. யாரும் கேட்கவில்லை. நெல்லித்தோப்புக்காரர்கள் வலென்சியா எடுத்தார்கள். எங்களைப் பார்த்து சொல்தா சிரித்தார்.

"நீங்க பில்பாவோ எடுத்துக்கங்கடா. அவனுங்களும் உங்கள மாதிரிதான். வெளியாள் ஒருத்தன சேக்க மாட்டானுங்க. அவங்க சீமையில பொறந்தவன், வளந்தவன், அவன் மட்டும்தான் ஆடணும்."

கிண்டலாகத்தான் சொன்னார். எங்கள் கேப்டன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கேப்டன் என் அண்ணன். அவனுக்கு அந்த நிமிஷமே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த பில்பாவோ ஒரு முறைகூட இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதில்லை என்று தெரிந்ததும் அவன் ஆளே மாறிப்போனான். மாட்ரிட், பார்சிலோனா, அப்புறம் இவர்கள். மூன்றே பேர். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட துணியை வாங்கி வந்து தைக்கக் கொடுத்தான். எங்கே போனாலும் "நாங்க பில்பாவோ, எங்க ஆளுங்க மட்டும்தான்" என்பான். நான் இடது பக்கம் பின்னால் நிற்பேன். எனக்கு அதில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. வெளியாள் யாரும் எங்களோடு ஆட வந்து கேட்கவும் இல்லை.

எங்கள் கீப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எழுதுவதே அவனால்தான்.

அவன் என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி. சுனாமி வந்த அன்று கரையில் வலை உதறிக்கொண்டிருந்தான். தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிழைத்தான். அவன் கண் முன்னாலேயே அவர்கள் படகு உடைந்தது. அதற்குப் பிறகு முட்டிக்கு மேல் தண்ணீரில் அவன் இறங்கவில்லை. நிவாரணத்தில் சித்தப்பாவுக்குப் புது ஃபைபர் படகு வந்தது. இவன் அதில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. குப்பத்தில் சும்மா விடுவார்களா. பையன் பொம்பளைங்களோட மீன் விக்கப் போவட்டும், கூடை வாங்கிக் குடு என்று சின்னம்மா காதில் விழும்படி பேசினார்கள். சித்தப்பாவுக்கு முதுகு போய்விட்டது. அவர் மகனிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"பிளஸ் டூ முடி. காலேஜ் சீட்டு கெடச்சா படி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கெடைக்கலன்னா படகு."

அவன் வாங்கும் மார்க்குக்கு எந்தக் காலேஜும் சீட்டு தராது. தண்ணீரைப் பார்த்தால் நடுங்குகிறவன் கோலில் நின்றால் வேறு ஆள். பந்து அடிக்கிறவன் காலைப் பார்க்க மாட்டான், இடுப்பைப் பார்ப்பான். விழுந்து எழும்போது அடுத்த பந்துக்குத் தயாராக இருப்பான்.

சுனாமி வந்து இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்ரிட்டோடு எங்களுக்கு ஆட்டம். மீன்பாடு நன்றாக இருந்த சமயம். கடலுக்குப் போன பையன்கள் ஆட்ட நேரத்துக்குத் திரும்பவில்லை. ஏழு பேர்தான் இறங்கினோம். ஒன்பது கோல் வாங்கினோம். கீப்பர் இல்லையென்றால் இருபது வாங்கியிருப்போம். ஆட்டம் முடிந்ததும் ஒரு காலேஜின் பி.டி. மாஸ்டர் எங்களிடம் வந்தார். சொல்தாவின் விருந்தாளியாக வந்தவர். ஜெயித்தவர்களைத் தாண்டி நேராக எங்கள் தம்பியிடம் வந்தார்.

"என்ன படிக்கிறே?"

"பிளஸ் ஒன் முடிச்சிருக்கேன் சார்."

"ஒன்பது வாங்கினே. ஆனா நான் பாத்தது நீ புடிச்சத. பிளஸ் டூ பாஸ் பண்ணிடு. அடுத்த வருஷமும் முதல் டிவிஷன்ல நில்லு, அதுக்குத்தான் கால்பந்து சங்கத்துல சர்ட்டிபிகேட் குடுப்பாங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல நான் உன்னை எடுத்துக்கறேன்."

அன்று ஒன்பது கோல் வாங்கிவிட்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போன ஒரே டீம் நாங்கள்தான். சின்னம்மா அழுதாள். சித்தப்பா அன்றைக்கு அவனைப் படகு கழுவக் கூப்பிடவில்லை.

ஜூன் மாதம் ஸ்பெயின் லீக் முடிந்தது. இரண்டாயிரத்து ஏழு. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைசி நாள் வரை மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஒரே புள்ளி. கடைசி நாள் இரண்டு பேருமே ஜெயித்தார்கள். பார்சிலோனா போட்ட கோலும் அதிகம், வாங்கின கோலும் குறைவு. ஆனாலும் கோப்பை மாட்ரிட்டுக்குப் போனது. அதே நாள் பில்பாவோவும் ஜெயித்து, கீழே விழாமல் ஒரே ஒரு புள்ளியில் தப்பியது. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் போட்ட சத்தத்தில் சொல்தா வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அன்று சொல்தா எங்களுக்கும் கேக் கொடுத்தார். பார்சிலோனா பேர் எடுத்திருந்த தெருப் பையன் ஒருவன் அழாத குறையாகக் கேட்டான்.

"இன்னா முசியே இது, கோல் கணக்கு பாத்தா நாங்கதான கெலிச்சிருக்கணும்?"

சொல்தா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இங்கிலீஷ்காரன் சட்டம் அது. ஸ்பெயின்ல அப்படி இல்ல. புள்ளி சமமா வந்தா, நீயும் நானும் மோதிக்கிட்டதுல யாரு கெலிச்சது, அதத்தான் மொதல்ல பாப்பான். எங்க ஊட்ல வந்து நீ ரெண்டு வாங்கின. உங்க ஊட்ல மூணுக்கு மூணு. முடிஞ்சுது. நேருக்கு நேர் நின்னு கெலிக்கிறவன்தான்டா ஆம்பள. ஏமாந்தவனுக்குப் பத்து கோல் போடறது பெரிய விஷயமா?"

எல்லாரும் கேட்டோம். கூடத்தில் இருந்தவனும் கேட்டான், ஜன்னலில் இருந்தவனும் கேட்டான்.

எங்கள் லீக் ஜூலையில் முடிந்தது. கடைசி இடம் ஏற்கெனவே வேறொரு டீமுக்குப் போய்விட்டது. அதற்கு மேல் இடத்தில் நாங்களும் நெல்லித்தோப்பு வலென்சியாவும் சமப் புள்ளி. இரண்டில் ஒன்று இறங்க வேண்டும். வலென்சியாவை நாங்கள் ஒரு ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்திருந்தோம், இன்னொன்று சமம். எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. தம்பி புது ஷூ பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

சொல்தா மைதானத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, கோல் கணக்கில் பில்பாவோ கீழே என்று அறிவித்தார். அந்த ஒன்பது கோல்தான் எங்களை அமுக்கியது.

அண்ணன் முதலில் சிரித்தான். தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தான்.

"முசியே, நாங்க வலென்சியாவ அடிச்சிருக்கோம். புள்ளி சமம்னா நேருக்கு நேர்தான. போன மாசம் நீங்கதான சொன்னீங்க."

"அது ஸ்பெயின். இது முத்தியால்பேட்டை."

"பேரு ஸ்பெயின் பேரு. கீழ எறக்கறது ஸ்பெயின் மாதிரி. இது மட்டும் முத்தியால்பேட்டையா?"

"கமிட்டி முடிவு பண்ணியாச்சு தம்பி. ஃபினி. முடிஞ்சுது."

கமிட்டி என்றால் அவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும். எங்களில் யாரையும் கமிட்டியில் போட்டதில்லை. பின்னாலிருந்து மாட்ரிட் பையன் ஒருவன் குரல் கொடுத்தான். "பாதி டீமு கடல்ல வல போட்டுது, மீதி டீமு கோல் வலையில ஒம்பது மீன் புடிச்சுது. அப்புறம் இன்னா நியாயம் கேக்கறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். சொல்தாவும் சிரித்தார். நெல்லித்தோப்புக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மணலுக்கு அவர்கள் போக வேண்டும்.

அன்று அடிதடி ஆகியிருக்க வேண்டியது. தம்பிதான் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலுக்கு வந்ததும், "மணல்ல ஆடுனா சர்ட்டிபிகேட் கெடையாது இல்லண்ணா?" என்றான். அவனுக்கே தெரியும். தெரிந்தும் கேட்டான்.

ஒரு வாரம் கழித்து சொல்தா தன் பழைய மொபெட்டில் குப்பத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் குப்பத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. மீன் காயப் போட்டிருந்த பாயைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார். அண்ணனும் நானும் வலையில் அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். தம்பியும் இருந்தான்.

"என் பையன் பிரான்சுக்குப் போறான், ராணுவத்துக்கு. கோல்ல அவன்தான் நின்னான், எங்க டீமுக்கு இப்ப வேற கீப்பர் வேணும். இவன எங்கிட்ட வுடு. மாட்ரிட் சட்ட போடட்டும். முதல் டிவிஷன் ஆடட்டும். அந்த மாஸ்டருக்கு நானே சொல்றேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மகன் போவது அவருக்கு முன்பே தெரியும். கீப்பர் வேண்டும் என்பதும் தெரியும். பில்பாவோ மேலேயே இருந்தால் எங்கள் கீப்பர் எதற்கு அவரிடம் போகிறான்? இதற்குச் சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்தவன் நான். மார்க்கெட்டில் விலை பேசிவிட்டு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்களின் முகம் அது.

அண்ணன் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "எங்க பையன் எங்க டீமுலதான் ஆடுவான். பில்பாவோ ஆள் குடுக்காது."

சொல்தா தலையில் அடித்துக்கொண்டார். "யார்ரா இவன். பில்பாவோ வெளியாள உள்ள சேக்க மாட்டான், அவ்ளோதான். அவங்க பையன் வெளிய போனா தடுக்கமாட்டான். எத்தன பேரு மாட்ரிட்டுக்கே போயிருக்கானுங்க தெரியுமா? போவணும்னு நெனைக்கிறவன் போலாம். அதான் அங்க வழக்கம்."

அவர் சொன்னது உண்மைதான். அந்த ஆள் ஆட்ட விஷயத்தில் பொய் சொன்னதில்லை. தனக்கு வேண்டாத இடத்தில் உண்மையைச் சுருட்டி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "அது ஸ்பெயின் முசியே. இது குப்பம்."

அந்தப் பதிலைக் கேட்டு எங்கள் ஆட்கள் மாசக்கணக்கில் சிலாகித்தார்கள். நான் சிலாகிக்கவில்லை. சொல்தாவுக்கு வேண்டும்போது ஸ்பெயின் இருந்தது, வேண்டாதபோது இல்லை. என் அண்ணனுக்கும் அதே கதைதான். நடுவில் ஒரு பையன் வலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை ஒருவரும் கேட்கவில்லை.

சொல்தா போன பிறகு அவனாகவே பேசினான்.

"அண்ணே, ஒரே வருஷம். சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துடறேன். அப்புறம் நம்ம டீமுலயே ஆடறேன்."

"நம்மள மணல்ல தள்ளுனவன் சட்டையப் போட்டுக்கினு ஆடுவியா?"

"சட்டதானண்ணா."

"போ. தாராளமாப் போ. நாளைக்கு உங்கப்பன் படகத் தள்ள இந்தக் கரையில எவன் வரான்னு பாத்துக்க."

நான் வாயைத் திறந்தேன். "போவட்டும் வுடுண்ணா. அவன் பொழப்பு அது" என்றேன்.

"நீ எப்பலேர்ந்துடா சொல்தா ஆன? பென்ஷன் வருதா?"

மொபெட்டைப் பார்த்துக் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு பேச்சு முடிந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஃபைபர் படகை ஒரு ஆள், இரண்டு ஆள் மணலில் தள்ள முடியாது. கரையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கை கொடுத்தால்தான் படகு இறங்கும், ஏறும். கை கொடுக்காதே என்று நான்கு பேர் முடிவு செய்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. முதுகு போன சித்தப்பா எத்தனை நாள் கெஞ்சுவார்? தம்பி சித்தப்பாவிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. மாட்ரிட்டுக்கும் போகவில்லை.

அந்த வருஷம் மணலில் ஆடினோம். எல்லாரையும் அடித்தோம். பார்க்க வந்தவை நாய்கள்தான். பி.டி. மாஸ்டர் வரவில்லை. அவர் நெல்லித்தோப்புக் கீப்பரை எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பிக்குப் பாதிகூட வர மாட்டான், ஆனால் அவன் இரும்புப் போஸ்டுக்கு நடுவில் நின்றான். தம்பி பிளஸ் டூ பாஸ் செய்தான். இரண்டு காலேஜில் விண்ணப்பம் போட்டான். பேர் வரவில்லை.

இரண்டாம் டிவிஷனில் முதலாக வந்ததால் நாங்கள் மறுபடியும் மேலே ஏறினோம். அண்ணன் பட்டாசு வெடித்தான். பில்பாவோவை எவனாலும் கீழே வைக்க முடியாது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். ஒரு வருஷம் தாமதம், அவ்வளவுதானே என்று எண்ணி இருப்பான். தம்பிக்கு அந்த ஒரு வருஷம்தான் இருந்தது. விண்ணப்பம் போடும் காலம் முடிந்துவிட்டது. சித்தப்பா கொடுத்த தவணையும் முடிந்துவிட்டது.

ஒரு விடியற்காலை சித்தப்பா அவனை எழுப்பினார். கத்தவில்லை. "வாடா" என்றார், அவ்வளவுதான். கரைக்கு வந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் பக்கத்தில் நின்றான். தண்ணீர் அவன் கால் விரலைத் தொட்டதும் இரண்டடி பின்னால் போனான். பிறகு தானே முன்னால் வந்தான். அண்ணன் அதற்குள் அந்தப் படகில் கூட்டாளாகச் சேர்ந்திருந்தான், அவனை அக்குளில் கை கொடுத்து உள்ளே தூக்கிப் போட்டான்.

"குனியாத. தூரமாப் பாரு. பழகிடும்" என்றான் அண்ணன். அக்கறையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நானும் தள்ளினேன். முதல் அலையில் படகு மூக்கைத் தூக்கியது. அவன் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தான். கரையில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். மோட்டார் சத்தம் குறைந்துகொண்டே போய் பிறகு கேட்கவில்லை.

பத்து மணி வாக்கில் வந்தார்கள். ஓரளவு மீன். சின்னம்மா கூடையில் அள்ளிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தான். சாயங்காலம் ஆட்டத்துக்குக் கூப்பிட அண்ணன் போனான். புது சீசனின் முதல் ஆட்டம், பள்ளிக்கூட மைதானத்தில். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினான், திட்டினான், திரும்பி வந்து வேறொருவனைக் கோலில் நிறுத்தினான்.

மறுநாள் விடியற்காலை சித்தப்பா எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அவனே எழுந்து கரைக்கு வந்து படகில் ஏறினான்.